சம்பளம் + ஃப்ரீலான்ஸ்: 3,500 ரூபாய் கட்டி ஐ.டி. ரிட்டர்ன் போட்ட கதை

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். அந்த மூன்றில் இரண்டு, என்னிடம் இரண்டாவதாகப் பேசிய பெண்மணிக்கு. கம்பெனி பெயரைப் போடவில்லை. மாதச் சம்பளக்காரர்களுக்கு ரிட்டர்ன் போட்டுத் தரும் ஆன்லைன் சேவைகளில் இதுவும் ஒன்று, 'நிபுணர் உதவியுடன்' என்ற திட்டத்தை 3,500 ரூபாய்க்கு எடுத்தேன், ஜிஎஸ்டி உள்பட.

என் நிலவரத்தைச் சொன்னால்தான் மற்றது புரியும். சென்னையில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் சிவில் இன்ஜினியர். சம்பளக்காரர் எல்லோருக்கும் கிடைக்கும் 75,000 நிலைக்கழிவு (ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்) போக 2024-25இல் வரிக்கு வரும் சம்பளம் 14 லட்சம். ராத்திரியும் ஞாயிற்றுக்கிழமையும் வெளி ஆட்களுக்கு ஸ்ட்ரக்சுரல் டிசைன் செய்து கொடுத்ததில் 6 லட்சம் வந்தது. காசு கொடுத்தவர்கள் தொழில்முறைக் கட்டணத்துக்கான 194ஜே பிரிவில் 10 சதவீதம், அதாவது 60,000 ரூபாய் டிடிஎஸ் (கொடுக்கும்போதே பிடித்துக் கட்டும் வரி) பிடித்துவிட்டார்கள். பலரும் இதோடு வரி முடிந்தது என்று நினைக்கிறார்கள், முடியவில்லை. டிடிஎஸ் பிடிப்பவருக்கு உங்கள் சம்பளம் தெரியாது, சம்பளம் கொடுப்பவருக்கு உங்கள் ஃப்ரீலான்ஸ் தெரியாது, ஆனால் வருமான வரித் துறை இரண்டையும் கூட்டித்தான் ஸ்லாப் (வருமானம் ஏற ஏற விகிதமும் ஏறும் படி) பார்க்கும், அதனால் ஃப்ரீலான்ஸ் காசு உங்கள் சம்பளத்துக்கு மேலே உள்ள உயர் ஸ்லாப்களில் போய் உட்காரும்.

இங்கேதான் அந்த வருடத்துக்குப் பொருந்திய 1961 வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ என்ற பிரிவு காப்பாற்றியது. டாக்டர், வக்கீல், இன்ஜினியர், ஆர்க்கிடெக்ட், கணக்காளர், தொழில்நுட்ப ஆலோசகர், இன்டீரியர் டெகரேட்டர், சினிமாக் கலைஞர் என்று சட்டம் பட்டியல் போட்டிருக்கும் தொழில்களில், வருட வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால் (ரொக்கமாக வாங்கியது 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 75 லட்சம்) அதில் பாதியை லாபம் என்று காட்டினால் போதும். பில், வவுச்சர், கணக்குப் புத்தகம் எதுவும் கேட்க மாட்டார்கள். லேப்டாப், சாஃப்ட்வேர் லைசென்ஸ், பெட்ரோல் எல்லாம் அந்த மற்ற பாதிக்குள் அடக்கம், தனியாகக் கழிக்க முடியாது. நிஜ லாபம் பாதிக்கும் மேலே என்றால் மேலேதான் காட்ட வேண்டும், அது வேறு விஷயம்.

ஆக என் 6 லட்சத்தில் 3 லட்சம்தான் வருமானம். மொத்தம் 17 லட்சம். புதிய வரி முறையில் (விகிதம் குறைவு, ஆனால் பழைய முறையின் பெரும்பாலான கழிவுகள் கிடையாது) அந்த 3 லட்சத்துக்கு மட்டும் 80,000, அதன் மேல் 4 சதவீத செஸ் என்ற கூடுதல் வரி சேர்த்தால் 83,200. டிடிஎஸ் 60,000 போக பாக்கி 23,200. பாக்கி 10,000 அல்லது அதற்கு மேல் என்றால் வருடம் முடியும் முன்பே அட்வான்ஸ் டாக்ஸ் கட்ட வேண்டும். வழக்கமாக ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் என நான்கு தவணை, 44ஏடிஏ-காரர்களுக்கு மார்ச் 15க்குள் ஒரே தவணை. விட்டால் 234பி, 234சி பிரிவுகளில் மாதம் ஒரு சதவீதம் என்று வட்டி. நான் மார்ச்சிலேயே கட்டிவிட்டேன்.

இவ்வளவு தெரிந்தவன் ஏன் காசு கொடுத்து ஆள் பிடித்தேன் என்று கேட்கலாம். ஃபார்ம் தப்பாகப் போய் நோட்டீஸ் வந்துவிடக் கூடாதே என்ற பயம்தான்.

சரி, சேவைக்கு வருவோம். ஃபார்ம் 16 (சம்பள டிடிஎஸ் சான்று), 16ஏ (மற்ற டிடிஎஸ் சான்று), ஏஐஎஸ் (வரித் துறையிடம் உள்ள நம் வருமான விவரப் பட்டியல்) எல்லாம் அப்லோட் செய்தபின் ஒரு தம்பி போன் செய்தார். மரியாதையாகப் பேசினார், பான் எண்ணைச் சரிபார்த்தார், முடிந்தது. என்ன தொழில் என்று கேட்கவே இல்லை. மறுநாள் வந்த டிராஃப்டைத் திறந்தால் சம்பளக்காரர்களுக்கான எளிய ரிட்டர்ன் படிவமான ஐடிஆர்-1, அதில் என் 6 லட்சம் 'இதர வருமானம்' என்ற தலைப்பில் முழுசாக நிற்கிறது. டிடிஎஸ்ஸும் மார்ச்சில் கட்டியதும் போக இன்னும் 93,600 கட்ட வேண்டுமாம், வட்டி தனி! தொழில் வருமானம் இருக்கிறவர் ஐடிஆர்-1 போடவே கூடாது, 194ஜேயில் டிடிஎஸ் பிடித்த தொகைக்குத் தொழில் வருமானம் காட்டாமல் போனால் குறைபாடுள்ள ரிட்டர்ன் என்று நோட்டீஸ் வருவதற்கும் வழி உண்டு. எதற்குப் பயந்து காசு கொடுத்தேனோ அதையே செய்து கையில் கொடுத்திருக்கிறார்கள். விஷயம் தெரியாத ஒருவர் 'ஓகே' அழுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இதற்கு நடுவே ஆப்பில் இன்ஷூரன்ஸ் பாலிசி விளம்பரம் வேறு, வரி மிச்சப்படுத்த என்று. புதிய வரி முறையில் இருப்பவனுக்கு இன்ஷூரன்ஸ் பிரீமியம் போன்றவற்றுக்கான 80சி கழிவே கிடையாது, அதுகூட அவர்கள் ஆப்புக்குத் தெரியவில்லை.

சண்டை போட்டபின் ஒரு சீனியர் மேடம் வந்தார். இவர் எடுத்தவுடன் டைப் அடிக்கவில்லை, கேட்டார். "சார், என்ன வேலை செஞ்சு கொடுக்கறீங்க? ரொக்கமா ஏதாவது வாங்கினீங்களா? ஷேர் வித்தீங்களா? போன வருஷம் பழைய முறையா புதுசா?" ஷேர் கேள்வி சும்மா இல்லை, குறுகிய கால ஆதாயம் ஒரு ரூபாய் இருந்தாலும் 44ஏடிஏ-காரர்களுக்கான எளிமையான ஐடிஆர்-4 போய் நீளமான ஐடிஆர்-3 வந்துவிடும். வரி முறை கேள்வியும் அப்படித்தான். சம்பளம் மட்டும் வாங்குபவர் வருடா வருடம் பழையது, புதியது என்று மாறிக்கொள்ளலாம், தொழில் வருமானம் உள்ளவர் பழைய முறைக்குப் போக 10-ஐஇஏ படிவம் கொடுக்க வேண்டும், அப்புறம் புதியதற்குத் திரும்பி வருவது ஒரே ஒரு முறைதான். வீட்டுக் கடனுக்காகப் பழைய முறையைப் பிடித்துக்கொண்டிருக்கிறவர்கள் ஃப்ரீலான்ஸ் தொடங்கும் முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஒரு கிளையன்ட் பிடித்த டிடிஎஸ், நம் பான் எண்ணில் வரவான வரியைக் காட்டும் 26ஏஎஸ்ஸில் ஏறாமல் கிடந்ததையும் அவர்தான் கண்டுபிடித்து, அவர்களுக்கு மெயில் போடச் சொன்னார். அது ஏறியபின் ஐடிஆர்-4 தாக்கல் ஆனது, பாக்கி பூஜ்யம்.

யார் இந்தச் சேவையை வாங்கலாம்? ஒன்றிரண்டு உள்நாட்டு கிளையன்ட், பட்டியலில் உள்ள தொழில், ஷேர் கிடையாது என்றால் வேண்டாம், அரசு இ-ஃபைலிங் தளத்தில் இலவசமாகவே ஐடிஆர்-4 போடலாம், சம்பள விவரமும் டிடிஎஸ்ஸும் ஏற்கெனவே நிரப்பியே வரும். வெளிநாட்டு கிளையன்ட், எஃப் அண்ட் ஓ (பங்குச் சந்தை ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகம்), செலவே பாதிக்கு மேல், வரவு 20 லட்சத்தைத் தாண்டி ஜிஎஸ்டி பதிவு என்று போனால் நேரில் உட்கார்ந்து பேசக்கூடிய ஆடிட்டரிடம் போங்கள், இந்த 3,500 திட்டம் தாங்காது.

இன்னொன்று, 2025-26க்கு ஸ்லாப் மாறிவிட்டதால் இதே சம்பளம், இதே 6 லட்சத்துக்கு ஃப்ரீலான்ஸ் பங்கு வரி 52,000தான் வருகிறது. டிடிஎஸ் 60,000 பிடித்திருந்தால் 8,000 ரீஃபண்ட். ஒவ்வொரு மார்ச்சிலும் அட்வான்ஸ் கட்டும் முன் பழைய கணக்கையே காப்பி அடிக்காமல் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

நோட்டீஸ் வந்தால் பதில் எழுதித் தருவது இந்தக் கட்டணத்தில் சேராதாம், அதற்குத் தனிக் காசு. வாங்கும் பக்கத்தில் அதை எங்கேயும் போடவில்லை, கேட்டபிறகுதான் சொன்னார்கள்.