காங்கிரஸ் டாட் கவ்: வாதத்தில் இறங்குவதற்கு முன் திறக்க வேண்டிய தளம்

அமெரிக்க அரசியலைப் பற்றி இணையத்தில் நடக்கிற சண்டைகள் பெரும்பாலும் ஸ்கிரீன்ஷாட்டை வைத்துத்தான் நடக்கின்றன. "உங்கள் செனட்டர் இதற்கு எதிராக ஓட்டுப் போட்டார் பாருங்கள்" என்று ஒருவர் படம் போடுவார், இன்னொருவர் அதற்கு எதிர்ப்படம் போடுவார், அப்புறம் இரண்டு பக்கமும் வசவு. அந்தப் படம் எங்கிருந்து வந்தது, அந்த ஓட்டு எதைப் பற்றியது என்று கேட்கிறவர்கள் மிகக் குறைவு. இங்கே அமெரிக்காவில் வரி கட்டுகிறோம், ஓட்டுப் போடுகிறோம், நம்மை ஆள்கிறவர்களைக் கேள்வி கேட்கிற உரிமை நமக்கு இருக்கிறது. அந்தக் கேள்வியைச் சரியான ஆதாரத்தோடு கேட்க வேண்டும் என்று நினைப்பவன் நான். அதற்காக நான் அடிக்கடி போகிற இடம் காங்கிரஸ் டாட் கவ் (congress.gov), அதாவது செனட், பிரதிநிதிகள் சபை என்ற இரண்டு சபைகள் கொண்ட அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் மசோதாக்களைப் பதிவு செய்யும் தளம். அதைப் பற்றித்தான் இந்த விமர்சனம், கூடவே இன்னும் சில தளங்களைப் பற்றியும் கொஞ்சம்.

இதை நடத்துவது லைப்ரரி ஆஃப் காங்கிரஸ், அதாவது காங்கிரஸின் நூலகம். 1995ல் தாமஸ் ஜெஃபர்சன் நினைவாக 'தாமஸ்' என்ற பெயரில் ஒரு தளத்தைத் தொடங்கினார்கள், 2012ல் அதற்குப் பதிலாகக் காங்கிரஸ் டாட் கவ் வந்தது, 2016ல் பழையதை மூடினார்கள். விளம்பரம் கிடையாது, கட்டணம் கிடையாது, பார்ப்பதற்குக் கணக்குத் தொடங்கவும் வேண்டாம். ஒரு மசோதாவில் ஏதாவது நடந்தால் மின்னஞ்சல் வர வேண்டுமென்றால்தான் கணக்கு தேவை.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது ஒவ்வொரு மசோதாவுக்கும் உள்ள தனிப் பக்கம். மசோதாவின் முழு வாசகம் இருக்கும். அதுவும் அறிமுகமானபோது இருந்தது, ஒரு சபையில் நிறைவேறியபோது இருந்தது, கடைசியில் சட்டமானது என்று எல்லா வடிவங்களும் தனித்தனியாக. எந்தத் தேதியில் எந்தக் கமிட்டிக்குப் போனது, அங்கேயே கிடக்கிறதா வெளியே வந்ததா என்பதெல்லாம் 'ஆக்‌ஷன்ஸ்' என்ற பகுதியில் வரிசையாக இருக்கும். இந்த ஒரு பகுதியை மட்டும் படிக்கக் கற்றுக்கொண்டால் போதும், "காங்கிரஸ் இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்துவிட்டது, ஐயோ" என்று பரவுகிற செய்திகளில் பல அந்த இடத்திலேயே அடங்கிவிடும். ஏனென்றால் யாரோ ஒரு உறுப்பினர் அறிமுகம் செய்துவிட்டு அதற்குப் பிறகு யாரும் தொடாத மசோதாக்கள்தான் அங்கே ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன.

அடுத்து, ஆதரவாளர் பட்டியல். மசோதாவைக் கொண்டுவந்தவரோடு சேர்ந்து கையெழுத்துப் போட்டவர்கள் யார், எந்தத் தேதியில் சேர்ந்தார்கள் என்று போட்டிருப்பார்கள். முதல் நாளே சேர்ந்தவர் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருக்கும், சேர்ந்துவிட்டுப் பின்வாங்கியவர் பெயரும் இருக்கும். "ஆரம்பத்திலிருந்தே நான் இதற்காகப் போராடினேன்" என்று தேர்தல் நேரத்தில் மேடையில் சொல்கிறவரைச் சரிபார்க்க இதைவிட நேரான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

சரி, குறைகளுக்கு வருகிறேன். இந்தத் தளம் ஆவணத்தைக் கொடுக்கிறது, அதைப் படிக்கச் சொல்லிக்கொடுப்பதில்லை. இங்கேதான் நல்ல எண்ணத்தோடு வருகிறவர்கள்கூடத் தடுமாறுகிறார்கள்.

முதல் சிக்கல் எண்கள். ஒவ்வொரு காங்கிரஸின் பதவிக்காலமும் இரண்டு ஆண்டு, அது முடிந்ததும் நிறைவேறாத மசோதாக்கள் எல்லாம் செத்துவிடும், எண்கள் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். 'எச்.ஆர்.' என்பது பிரதிநிதிகள் சபையில் தொடங்கிய மசோதாவின் அடையாளம். 2017ல் எச்.ஆர். 1 என்றால் ட்ரம்ப்பின் வரிக்குறைப்புச் சட்டம். 2019லும் 2021லும் அதே எண் ஜனநாயகக் கட்சியினரின் தேர்தல் சீர்திருத்த மசோதாவுக்கு. 2025ல் ட்ரம்ப்பின் வரி, செலவு மசோதாவான 'ஒன் பிக் பியூட்டிஃபுல் பில்' வந்ததும் எச்.ஆர். 1 என்றுதான். எந்தக் காங்கிரஸ் என்று சொல்லாமல் வெறும் எண்ணை மட்டும் வைத்து இரண்டு பேர் வாதம் செய்தால் இருவரும் வெவ்வேறு மசோதாக்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கலாம். தேடும்போது எந்தக் காங்கிரஸ் தேர்வாகி இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

இரண்டாவது, பெயர்கள். ஒபாமாகேர் என்கிற மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் நிறைவேறியது எச்.ஆர். 3590 என்ற மசோதாவாக. அது பிரதிநிதிகள் சபையில் தொடங்கியபோது ராணுவத்தினர் வீடு வாங்குவதற்கான வரிச்சலுகை பற்றியது. வருவாய் சம்பந்தப்பட்ட மசோதா பிரதிநிதிகள் சபையில்தான் தொடங்க வேண்டும் என்று அரசியலமைப்பு சொல்வதால், செனட் அந்த மசோதாவை எடுத்து, உள்ளே இருந்ததை நீக்கிவிட்டுத் தன் வாசகத்தை வைத்தது. 2020 டிசம்பரில் கொரோனா நிவாரணமும் பட்ஜெட்டும் சேர்ந்து 5,593 பக்கத்துக்கு வந்த சட்டமும் அப்படித்தான், முதலில் அது அமெரிக்க-மெக்சிகோ பொருளாதார ஒத்துழைப்பு பற்றிய சிறு மசோதா. விஷயம் தெரியாதவர் பழைய வடிவத்துக்கு விழுந்த ஓட்டை எடுத்துப் புதிய சட்டத்துக்கு விழுந்த ஓட்டாகக் காட்டிவிடலாம். தளம் இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்திருக்கிறது, ஆனால் "கவனியுங்கள், உள்ளடக்கமே மாறிவிட்டது" என்று எளிய மொழியில் ஒரு வரி எங்கும் இல்லை. எனக்கு இது பெரிய குறை.

மூன்றாவது, ஓட்டுகள். இதில்தான் அதிகமான தவறுகள் நடக்கின்றன. 2013 ஏப்ரல் 17 அன்று, துப்பாக்கி வாங்குகிறவர்களின் பின்னணியைச் சோதிப்பதை விரிவாக்கும் மேன்சின்-டூமி திருத்தம் செனட்டில் 54-46 என்று தோற்றது. 54 பேர் ஆதரித்தும் தோற்றதற்குக் காரணம், அன்றைக்குத் தேவைப்பட்டது 60. எதிர்த்து ஓட்டுப் போட்ட 46 பேரில் ஹாரி ரீட் பெயர் இருக்கும். அவர்தான் அப்போது ஜனநாயகக் கட்சியின் பெரும்பான்மைத் தலைவர், திருத்தத்தை ஆதரித்தவர். வென்ற பக்கத்தில் ஓட்டுப் போட்டவர்தான் அதை மறுபடி வாக்கெடுப்புக்குக் கொண்டுவரக் கோரலாம் என்பது செனட் விதி, அதற்காகத்தான் அவர் கடைசியில் ஓட்டை மாற்றினார். இரு கட்சித் தலைவர்களும் இதைச் செய்வது வழக்கம். அந்தப் பட்டியலை மட்டும் படமெடுத்து "சொந்தக் கட்சித் தலைவரே எதிர்த்தார்" என்று போட்டால் பார்க்கிறவர் நம்பித்தான் ஆவார்.

பிரதிநிதிகள் சபையில் 'பிரீவியஸ் க்வெஸ்சன்' என்று ஒரு வாக்கெடுப்பு உண்டு. விவாதத்தை முடித்து அடுத்த கட்டத்துக்குப் போகலாமா என்பதுதான் அது. எதிர்க்கட்சி "இதில் நாங்கள் ஜெயித்தால் இந்த நல்ல மசோதாவைக் கொண்டுவருவோம்" என்று அறிவித்துவிட்டு, தோற்றதும் "இவர்கள் எல்லாம் அந்த நல்ல மசோதாவுக்கு எதிராக ஓட்டுப் போட்டார்கள்" என்று அறிக்கை விடும். இரண்டு கட்சியும் பெரும்பான்மை இல்லாதபோது செய்கிற வேலை இது. அறிக்கையைப் பகிர்வதற்கு முன் வாக்கெடுப்பின் தலைப்பில் 'ஆன் பாசேஜ்' (மசோதாவை நிறைவேற்றுவதற்கான ஓட்டு) என்று இருக்கிறதா, வேறு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். என் அனுபவத்தில் பாதி வாதம் அந்த இரண்டு சொல்லில் தீர்ந்துவிடுகிறது.

குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியதற்குப் பெயர்ப் பட்டியலே இருக்காது. யார் ஆதரித்தார், யார் எதிர்த்தார் என்று பதிவே கிடையாது. தளத்தின் மேல் பழி சொல்ல முடியாது, ஆனால் பதில் சொல்லும் பொறுப்பைப் பற்றிப் பேசுகிற நாம் இதை இன்னும் சத்தமாகக் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். பதிவான ஓட்டுகளில் பலவற்றுக்கும் பெயர்களைப் பார்க்க அந்த வாக்கெடுப்பு எண்ணை அழுத்தி, பிரதிநிதிகள் சபை கிளார்க்கின் தளத்துக்கோ செனட் தளத்துக்கோ போக வேண்டியிருக்கிறது. ஒரே உறுப்பினரின் ஓட்டுகளை வரிசையாகப் பார்க்க நான் போவது கவ்டிராக். 2004ல் தொடங்கிய தனியார் முயற்சி அது, அரசுத் தளமே இல்லை. அரசு செய்திருக்க வேண்டியதைத் தனி ஆள் தொடங்கிச் செய்துகொண்டிருக்கிறார், அதுவும் நன்றாக.

பணம் பற்றிய வாதமென்றால் யுஎஸ்ஏஸ்பெண்டிங் டாட் கவ். 2006ல் ஒபாமாவும் குடியரசுக் கட்சியின் டாம் கோபர்னும் சேர்ந்து கொண்டுவந்த சட்டத்தால் பிறந்தது. எந்தத் துறை எந்த நிறுவனத்துக்கு எவ்வளவு கொடுத்தது என்று தேடலாம். தேடுவது எளிது, தவறாகப் புரிந்துகொள்வது அதைவிட எளிது. ஒப்பந்தத்தின் உச்சவரம்பு வேறு, கொடுப்பதாக ஒப்புக்கொண்ட தொகை வேறு, கையைவிட்டுப் போன பணம் வேறு. மூன்றும் பக்கத்தில் இருக்கும், பெரிய எண்தான் எல்லோர் கண்ணிலும் படும். 2025 பிப்ரவரியில் பொலிட்டிகோ பத்திரிகைக்கு யுஎஸ்எய்ட் என்ற அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனம் 8 மில்லியன் டாலர் கொடுத்தது என்று ஒரு படம் ஊரெல்லாம் சுற்றியது. இதே தளத்தில் வடிகட்டிப் பார்த்தால், அது எல்லா அரசுத் துறைகளும் சேர்ந்து கட்டிய சந்தா, யுஎஸ்எய்டின் பங்கு 50,000 டாலரைக்கூடத் தொடவில்லை. அதே மாதம், அரசுச் செலவைக் குறைக்க ட்ரம்ப் அமைத்த டாஜ் குழு 8 பில்லியன் டாலர் மிச்சப்படுத்தியதாகப் போட்ட ஒரு ஒப்பந்தம் உண்மையில் 8 மில்லியன்தான் என்பதும் அரசின் ஒப்பந்தப் பதிவுகளைப் பத்திரிகையாளர்கள் புரட்டியதால்தான் வெளியே வந்தது. பதிவு எல்லோருக்கும் திறந்திருந்தால் ஆள்கிறவர்களின் கணக்கையும் திருத்த முடியும் என்பதற்கு எனக்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

தேர்தல் நன்கொடைகளைத் தொகுத்துக் காட்டும் ஓப்பன்சீக்ரெட்ஸ் தளத்தையும் சொல்லியாக வேண்டும். அங்கே ஒரு கம்பெனியின் பெயருக்கு எதிரே பெரிய தொகை இருந்தால், கம்பெனி வேட்பாளருக்கு நேரடியாகக் கொடுத்தது என்று எழுதிவிடாதீர்கள். கூட்டாட்சித் தேர்தலில் அது 1907லிருந்தே சட்டவிரோதம். அந்தத் தொகையில் அங்கே வேலை செய்கிறவர்கள் சொந்தப் பணத்தில் கொடுத்ததும் அடக்கம். உறுப்பினர்கள் பங்கு வாங்கி விற்பதைப் பார்க்க 2012ன் ஸ்டாக் சட்டப்படி அறிக்கைகள் கிடைக்கும், ஆனால் 45 நாள் வரை தாமதமாக வரலாம், தொகையும் 1,001 முதல் 15,000 டாலர் என்பதுபோல வரம்பாகத்தான் இருக்கும், தாமதத்துக்கு அபராதம் வழக்கமாக 200 டாலர். இது போதாது. இதை மாற்றச் சொல்லி இரு கட்சி உறுப்பினர்களும் மசோதாக்கள் கொண்டுவந்திருக்கிறார்கள், அவை எங்கே சிக்கியிருக்கின்றன என்பதையும் காங்கிரஸ் டாட் கவ்விலேயே பார்க்கலாம்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுப்பேன். அமெரிக்க அரசியல் பேசுகிற ஒவ்வொருவரும் இதை புக்மார்க்கில் வைக்க வேண்டும், குறிப்பாகத் தன் கட்சிக்குச் சாதகமான படம் வரும்போது உடனே பகிர்ந்துவிடுகிறவர்கள். அந்த ஐந்தாவது நட்சத்திரத்துக்கு எனக்கு இரண்டு விஷயம் வேண்டும். உறுப்பினரின் பக்கத்திலேயே அவர் போட்ட ஓட்டுகள் எல்லாம் வர வேண்டும். ஒவ்வொரு வாக்கெடுப்புக்கும் பக்கத்தில், இது மசோதாவின் மேல் விழுந்த ஓட்டா, நடைமுறை ஓட்டா என்று சாதாரண மொழியில் ஒரே ஒரு வரி இருக்க வேண்டும். தளத்தில் கருத்து அனுப்ப இணைப்பு இருக்கிறது, இந்த இரண்டையும் நான் எழுதி அனுப்பிவிட்டேன், நீங்களும் அனுப்புங்கள்.