மொபைல், பழைய டிஎஸ்எல்ஆர், புது மிரர்லெஸ்: பூ மார்க்கெட்டில் மூன்றையும் வைத்துப் பார்த்தோம்

ஃபோட்டோ எடுக்கப் பழகணும், எதை வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு இத்தனை நாளும் வாய்ப்பேச்சாகத்தான் பதில் சொல்லிவந்தேன். போன சித்திரையில் அதை நேரிலேயே பார்த்துவிடலாம் என்று தோன்றியது. அத்தை மகன் அப்போதுதான் புது மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாமல், படத்தைத் திரையிலேயே காட்டும் கேமரா) வாங்கியிருந்தான். கேனான் ஆர்50, கூடவே வரும் 18-45 கிட் லென்ஸ். என்னிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கிய கேனான் 1500டி, உள்ளே இருக்கும் கண்ணாடி வழியே பார்த்து எடுக்கும் டிஎஸ்எல்ஆர். அதில் 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ். எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் வாய் அகலும், வெளிச்சம் அதிகம் நுழையும். தங்கையிடம் மூன்று வருஷப் பழைய ஆண்ட்ராய்டு மொபைல். மூன்று பேரும் விடியற்காலை நாலரைக்கு மதுரை மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் இருந்தோம்.

இருட்டோடு போனதற்குக் காரணம் உண்டு. நல்ல வெயிலில் எடுத்த படங்களை மொபைல் திரையில் பார்த்தால், எது எதில் எடுத்தது என்று எனக்கே சட்டென்று சொல்ல வராது. வெளிச்சம் குறையும்போதுதான் ஒவ்வொன்றின் குணமும் தெரியும்.

சித்திரையில் மல்லிகை வரத்து அதிகம். சாக்கை விரித்து, இடுப்பளவு உயரத்துக்கு மொட்டுகளைக் குவித்துவைத்திருந்தார்கள். ஒரு கடையோரம் ஒரே ஒரு மஞ்சள் பல்பின் கீழ் ஓர் அக்கா சரம் தொடுத்துக்கொண்டிருந்தார். படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டோம். "எடுங்க தம்பி, வியாபாரத்த மறைக்காம நில்லுங்க" என்றார். மூன்று பேரும் ஒரே இடத்தில் மாறி மாறி நின்று எடுத்தோம்.

முதலில் மொபைல். பட்டனைத் தொட்டதும் அது ஒரு படம் எடுப்பதில்லை. கண்ணிமைக்கும் நேரத்தில் பல படங்களை எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இருட்டாக இருப்பதை ஏற்றி, வெளுத்துப்போனதை இறக்கி, ஒரே படமாகத் தருகிறது. அக்காவின் முகம், பின்னால் இருந்த சாக்கு மூட்டை, கூரைத் தகரம் எல்லாமே பளிச்சென்று தெரிந்தன. ஆனால் அந்த மஞ்சள் வெளிச்சம் காணாமல் போய்விட்டது. காலை பத்து மணிக்கு எடுத்த படம் மாதிரி இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தால், நார் சுற்றும் விரல்கள் இழுவிக் கிடந்தன. மொட்டுகள் தனித்தனியாக இல்லாமல் வெள்ளை மாவு பிசைந்ததுபோல் ஒட்டிக்கொண்டிருந்தன.

அடுத்து ஆர்50. ஃபோகஸில் அதை மிஞ்ச முடியாது. அக்கா தலையைக் குனிந்தாலும் நிமிர்ந்தாலும் திரையில் ஒரு சின்னச் சதுரம் அவர் கண்ணை விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தது. எடுத்த பத்தில் பத்தும் ஷார்ப். சிக்கல் லென்ஸில்தான் வந்தது. 45க்கு ஜூம் செய்ததும் அந்த லென்ஸின் வாய் எஃப் 6.3க்குச் சுருங்கிவிடுகிறது. விரல்கள் இழுவாமல் இருக்க ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/100 செகண்ட் வைத்தால், வெளிச்சப் பற்றாக்குறையைச் சரிக்கட்ட ஐஎஸ்ஓ (கிடைத்த வெளிச்சத்தை கேமரா பெருக்கிக்கொள்ளும் அளவு) 20,000 பக்கம் ஓடியது. படம் முழுக்க ரவை தூவினதுபோல் ஒரு பொரி.

என் 1500டியில் அதே 1/100 செகண்டுக்கு ஐஎஸ்ஓ 1600 போதுமாக இருந்தது, எஃப் 1.8 என்பதால். பல்பின் மஞ்சள் அப்படியே வந்தது. பின்னால் இருட்டு இருட்டாகவே நின்றது. ஆனால் பத்தில் நாலுதான் தேறின. ஒன்றரை மீட்டர் தூரத்தில் எஃப் 1.8 வைத்தால் தெளிவாக இருக்கும் ஆழம் சுமார் ஆறு சென்டிமீட்டர்தான். முகத்தில் ஃபோகஸ் வைத்தால் கை மங்கிவிடும், கையில் வைத்தால் முகம் மங்கிவிடும். இந்தப் படம் எதைப் பற்றியது என்று அந்த இடத்திலேயே நான் முடிவெடுக்க வேண்டியிருந்தது. விரல்கள் என்று முடிவெடுத்தேன்.

அந்த முடிவுக்காகத்தான் புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நான் பழைய டிஎஸ்எல்ஆரும் ஜூம் ஆகாத ஒற்றை லென்ஸும் வாங்கச் சொல்கிறேன். பழைய பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) புதிதைவிட உசத்தி என்று சொல்லவரவில்லை. அதே எஃப் 1.8 லென்ஸை ஆர்50ல் போட்டிருந்தால் இருட்டிலும் ஜெயித்திருக்கும், ஃபோகஸிலும் ஜெயித்திருக்கும். அடாப்டர் போட்டால் என் லென்ஸே அதில் வேலை செய்யும். வித்தியாசத்தை உண்டாக்கியது லென்ஸ்தான். ஆனால் புது மிரர்லெஸ் வாங்கும் பெரும்பாலோர் பாடிக்கே பணத்தைக் கொட்டிவிட்டு, லென்ஸை அப்புறம் பார்த்துக்கலாம் என்று விட்டுவிடுகிறார்கள். அந்த அப்புறம் பல வீடுகளில் வருவதே இல்லை.

நான் விசாரித்த வரை, 1500டி மாதிரியான பாடி செகண்ட் ஹேண்டில் 20,000 ரூபாயைச் சுற்றிக் கிடைக்கிறது. 50 எம்எம் லென்ஸ் புதிதாக 10,000 பக்கம். ஆர்50 கிட் லென்ஸோடு இந்த இரண்டையும் சேர்த்த தொகைக்கு இரட்டிப்பைத் தாண்டிவிடும். விலை ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும்; மடங்கு மட்டும் அவ்வளவாக மாறாது.

ஒரு விஷயத்தில் மிரர்லெஸ்ஸுக்கு முழு மார்க் கொடுத்தே ஆக வேண்டும். அதையும் மல்லிகைக் குவியல்தான் காட்டிக்கொடுத்தது. எந்த கேமராவுக்கும் வெள்ளை என்றால் என்னவென்று தெரியாது. முன்னால் இருப்பதை எல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நினைத்துத்தான் வெளிச்சத்தை அளக்கும். ஃபிரேம் முழுக்க மல்லிகை இருந்தால், அடேயப்பா எவ்வளவு வெளிச்சம் என்று ஏமாந்து குறைத்துவிடும். பூ நேற்று பறித்ததுபோல் சாம்பல் பூத்து வரும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை, அதாவது கேமரா அளந்த வெளிச்சத்தை நாம் கூட்டிக் குறைக்கும் அளவை, +1 ஏற்ற வேண்டும். 1500டியில் கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் வழியாகப் பார்க்கும்போது நம் கண்ணுக்கு உண்மையான பூ தெரியும். கேமரா என்ன செய்யப்போகிறது என்பது தெரியாது. எடுத்து, திரையில் பார்த்து, ஏற்றி, மறுபடி எடுக்க வேண்டும். ஆர்50ல் படம் எப்படி வரப்போகிறதோ அப்படியே வியூஃபைண்டரில் முன்கூட்டியே தெரிகிறது. அத்தை மகன் டயலைத் திருப்பத் திருப்பப் பூ வெளுப்பதைப் பார்த்து ஐந்தே நிமிடத்தில் புரிந்துகொண்டான். எனக்கு இது மண்டையில் ஏற இரண்டு மாதம் ஆனது. டிஎஸ்எல்ஆர் வாங்கியவர்கள் முதல் மாதம் லைவ் வியூ போட்டுப் பின்திரையைப் பார்த்துப் பழகினால் இந்தக் குறை பெரும்பாலும் தீரும். மொபைலிலும் இது உண்டு: பூவைத் தொட்டால் பக்கத்தில் ஒரு சூரியன் குறி வரும், அதை மேலே இழுத்தால் போதும். மொபைல் வைத்திருப்பவர்களில் இதை ஒரு முறைகூட இழுத்துப் பார்க்காதவர்கள்தான் அதிகம்.

மொபைலை நான் குறைத்துச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அன்றைக்கு எடுத்ததில் ஆகச் சிறந்த படம் தங்கையுடையது. ஆறு மணிக்கு மேல் வெளிச்சம் வந்ததும், லோடு வண்டியிலிருந்து சாக்கு இறக்கும் ஆட்களுக்கு நடுவே நுழைந்து, தரையோடு தரையாக மொபைலை வைத்து ஒரு படம் எடுத்தாள். சிந்திக்கிடந்த மொட்டுகள் முன்னால் பெரிதாக, செருப்பில்லாத கால்கள் பின்னால். கேமராவைத் தூக்கினால் நிமிர்ந்து பார்க்கிற ஆட்கள் மொபைலை யாரும் கண்டுகொள்ளவில்லை. எங்கே நிற்பது, எதை விடுவது, எப்போது அழுத்துவது என்ற மூன்றையும் பழக அதுவே தாராளம். கையில் இருக்கும் மொபைலில் மூன்று மாதம் தினமும் ஒரு படம் எடுத்து, பிடிக்காததை அன்றன்றே அழித்துவிட்டு, மாதக் கடைசியில் பத்துப் படம் மிஞ்சுகிறதா என்று பாருங்கள். மிஞ்சினால் கேமராவுக்குப் பணம் சேர்க்க ஆரம்பிக்கலாம். மிஞ்சவில்லை என்றால் ஒன்றும் நஷ்டமில்லை, பணம் பேங்கில் பத்திரமாக இருக்கும்.

மொபைல் கற்றுத்தராதது அப்பர்ச்சர், அதாவது லென்ஸின் வாயை எவ்வளவு திறப்பது என்பது. பெரும்பாலான மொபைல் லென்ஸ்களில் அது மாறாது, ஒரே அளவுதான். போர்ட்ரெய்ட் மோடில் பின்னணி மங்குவது கணக்குப் போட்டுச் செய்யும் பூச்சு. அக்காவின் காதோரம் தொங்கிய பூச்சரத்தைப் பாதி வெட்டி, பின்னணி என்று நினைத்து மங்கவைத்துவிட்டது. எல்லாவற்றையும் கையாலேயே மாற்றும் புரோ மோடு இருக்கிறதே என்பீர்கள். ஷட்டர் ஸ்பீடும் ஐஎஸ்ஓவும் அதில் பழகலாம், பழகவும் வேண்டும். ஆனால் திரையில் விரலால் தேய்த்து மாற்றுவதற்குள் அக்கா அடுத்த முழம் தொடுத்துவிடுவார். டயல் இருந்தால் கண்ணை எடுக்காமல் மாற்றலாம்.

இன்னொன்று, பேட்டரி. டிஎஸ்எல்ஆரில் நாம் கண்ணாடி வழியே பார்க்கிறோம், திரைக்குச் செலவில்லை. நிக்கான் டி3500க்கு ஒரு சார்ஜில் 1,550 படம் என்பது கம்பெனிக் கணக்கு. ஆர்50 மாதிரிச் சின்ன மிரர்லெஸ்களுக்கு முந்நூறு, நானூறு என்றுதான் வரும். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் நடுராத்திரி கிளம்பிப் போகிறவர்கள் இரண்டாவது பேட்டரி இல்லாமல் மிரர்லெஸ்ஸைத் தூக்கிப்போகக் கூடாது.

டிஎஸ்எல்ஆர் செத்த குதிரை, அதை ஏன் வாங்கச் சொல்கிறாய் என்று கேட்பார்கள். 2020க்கு அப்புறம் கேனானும் நிக்கானும் தங்கள் கவனத்தை முழுக்க மிரர்லெஸ்ஸுக்கு மாற்றிவிட்டது உண்மைதான். அதனால்தான் நல்ல டிஎஸ்எல்ஆர்கள் மலிவாக வெளியே வருகின்றன. 1500டி தரும் 24 மெகாபிக்சல் படத்தை 20 அங்குல அகலத்துக்குத் தாராளமாகப் பிரின்ட் போடலாம். வீட்டுச் சுவரில் அதைவிடப் பெரிதாக யார் மாட்டப்போகிறார்கள்? எழுத்தாளர் அ. மாதவையாவின் மகனும் காட்டுயிர்ப் படங்களுக்குப் பேர்போனவருமான மா. கிருஷ்ணன் வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைத் தாமே சேர்த்துக் கட்டிய ஒரு கருவியைக் காட்டுக்குள் தூக்கிக்கொண்டு போய்த்தான் யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு 24 மெகாபிக்சல் போதுமா என்று கேட்க எனக்கு வாய் வராது.

ஓடியாடும் சின்னக் குழந்தை வீட்டில் இருந்து, அதைத்தான் முக்கியமாக எடுக்கப்போகிறீர்கள் என்றால் மட்டும் நேராக மிரர்லெஸ்ஸுக்குப் போங்கள். அந்தக் கண்ணைப் பிடிக்கும் ஃபோகஸுக்கு ஈடு கிடையாது. குழந்தையும் நாம் பழகிமுடிக்கும்வரை காத்திருக்காது. வீடியோவும் வேண்டும் என்பவர்களுக்கும் அதுவே. ஆனால் எஃப் 1.8 லென்ஸுக்கான பணத்தை முதலிலேயே எடுத்துவைத்துவிட்டு, மிச்சத்தில் பாடி பாருங்கள். வேடந்தாங்கல் பறவைகள்தான் ஆசை என்றால் இந்த மூன்றுமே உதவாது. நிக்கான் பி900 மாதிரி 83 மடங்கு ஜூம் உள்ள கேமரா பழசாகக் கிடைக்கிறதா என்று தேடலாம். ஃபிலிமில் ஆரம்பிக்கலாமா என்று இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். 36 படம், அப்புறம் கழுவும் செலவு, ஸ்கேன் செலவு, ஒரு வாரக் காத்திருப்பு. எந்தப் படத்துக்கு என்ன வைத்தோம் என்பதே அதற்குள் மறந்துபோகும். ஒரு வருஷம் கழித்து வாருங்கள் என்பேன்.

பழசு வாங்கப் போகிறவர்கள் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். நிக்கானில் டி3000, டி5000 வரிசை பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய 50 எம்எம் எஃப் 1.8டி லென்ஸை வாங்கிவிட்டால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும்; லென்ஸுக்குள்ளேயே மோட்டார் உள்ள, ஏஎஃப்-எஸ் என்று போட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். அடுத்தது ஷட்டர் கவுன்ட், அதாவது அந்த பாடி இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்ற எண்ணிக்கை. ஆரம்பநிலை பாடிகளுக்குப் பொதுவாக ஒரு லட்சம் கிளிக் என்று கணக்கு வைப்பார்கள். நிக்கானில் எடுத்த ஒரு படத்தின் தகவலிலேயே எண்ணிக்கை இருக்கும். கேனானில் பெரும்பாலும் இருக்காது, தனி மென்பொருள் வேண்டும்.

மூன்றாவது பூஞ்சை. நான் முதலில் வாங்கிய பழைய லென்ஸைக் கடை வாசலில் வெயிலில் தூக்கிப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. வீட்டுக்கு வந்து ராத்திரி மொபைல் டார்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்ததும் உள்ளே கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கிளைகள். கடலோர ஊர்க்காரர் யாரோ பீரோவில் வருஷக்கணக்கில் பூட்டிவைத்த லென்ஸ்போல. விற்றவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. சுத்தம் செய்யக் கேட்ட கூலிக்குக் கூடக் கொஞ்சம் போட்டால் இன்னொரு லென்ஸே வந்திருக்கும். வாங்கும் இடத்திலேயே அப்பர்ச்சரை முழுக்கத் திறந்துவைத்து, இரண்டு பக்கமும் டார்ச் அடித்து, சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். விற்பவர் அவசரப்படுத்தினால் அந்த லென்ஸ் வேண்டாம். வாங்கிவந்ததைத் தோல் பைக்குள் வைக்காதீர்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைத்து, ஜெல் நிறம் மாறியதும் மாற்றுங்கள். அதைவிட நல்ல வழி, வாரம் ஒருமுறையாவது வெளிச்சத்துக்கு எடுத்துவந்து படம் எடுப்பது. பூஞ்சைக்கு இருட்டும் ஈரமும்தான் வேண்டும்.