1 ஓம், 2 ஓம், 4 ஓம்: ஒரே ஆம்ப்பில் மூன்று விதமாகவும் ஓட்டிப் பார்த்தாச்சு

என் ஸ்விஃப்ட் காரில் சில வருஷமாக ஒரே மோனோ ஆம்ப்தான் (ஒற்றைச் சேனல் ஆம்ப்ளிஃபையர்) ஓடுகிறது. அதில் சப்வூஃபரை (பேஸுக்கான ஸ்பீக்கர்) 1 ஓமில் ஓட்டினேன், பிறகு 4 ஓமில் ஓட்டினேன், இப்போது 2 ஓமில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓம் என்பது ஸ்பீக்கர் ஆம்ப்புக்குக் காட்டும் மின்தடை. கார் ஆடியோ பைத்தியங்களிடம் கேட்டால் "1 ஓம்தான் கெத்து" என்பார்கள். சென்னை வெயிலில் அந்தக் கெத்தையும் அனுபவித்தவன் சொல்கிறேன்: சின்ன கார், கம்பெனி பேட்டரி, கம்பெனி ஆல்டர்னேட்டர் என்றால் 2 ஓம் தாராளம். 4 ஓமும் பலர் நினைப்பதுபோல் அவ்வளவு மோசமில்லை.

சாமான் விவரம். ஒரே மாடலில் 10 இன்ச் ஊஃபர் இரண்டு. இரண்டுமே டூயல் வாய்ஸ் காயில் (ஒரே ஊஃபருக்குள் இரண்டு கம்பிச்சுருள்), காயில் ஒவ்வொன்றும் 4 ஓம். ஊஃபருக்கு 300 வாட்ஸ் ஆர்.எம்.எஸ்., அதாவது தொடர்ந்து ஓடும்போதான வாட்ஸ். நடுவில் தடுப்பு வைத்த மூடிய பாக்ஸ். கிளாஸ் டி ஆம்ப். 4 ஓமில் 240, 2 ஓமில் 400, 1 ஓமில் 600 வாட்ஸ் என்று மேனுவலில் போட்டிருக்கிறது. எல்லாமே ஆர்.எம்.எஸ். கணக்கு. அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும் 'மேக்ஸ்' வாட்ஸைக் கண்ணெடுத்தும் பார்க்க வேண்டாம், அது கடைக்காரருக்கு.

மாட்டியது ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில். ஃபிட்டர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நான்கு காயிலின் பிளஸ்ஸையும் ஒன்றாக, நான்கு மைனஸ்ஸையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டார். "சார், பேரலல் போட்டாத்தான் ஆம்ப் முழுசா பேசும்" என்றார். கணக்குப்படி அவர் சொன்னது சரி. ஒரே மதிப்புள்ள காயில்களைப் பேரலலில் சேர்த்தால் மதிப்பை எண்ணிக்கையால் வகுக்க வேண்டும்: 4 ஓம் காயில் நான்கு என்றால் 1 ஓம். சீரிஸில் கூட்ட வேண்டும். ஓம் குறையக் குறைய அதே வோல்ட்டேஜுக்கு அதிகக் கரன்ட் பாயும், வாட்ஸ் ஏறும். என் ஆம்ப்பும் 1 ஓம் தாங்கும் ஆம்ப்தான், அதனால் தப்பான இணைப்பு என்று சொல்ல முடியாது. 2 ஓம் வரை மட்டுமே தாங்கும் ஆம்ப்பில் இதையே செய்திருந்தால் ஒன்று புரொடெக்ஷனில் (தன்னைக் காத்துக்கொள்ள ஆம்ப் தானே அணைவது) போய் உட்காரும், இல்லை அவுட்புட் மாஸ்ஃபெட் (உள்ளிருக்கும் டிரான்சிஸ்டர்) போகும்.

1 ஓமில் சத்தம் எப்படி? பிரமாதம். பறை, தவில், உறுமி எது வந்தாலும் ரியர்வியூ கண்ணாடி ஆடும். ஆனால் அந்த 600 வாட்ஸ் சும்மா வருவதில்லை. ஆம்ப்பின் திறன் 75 சதவீதம் என்று வைத்தால் பேட்டரிப் பக்கம் 800 வாட்ஸ் இழுக்க வேண்டும், 13.8 வோல்ட்டில் அது கிட்டத்தட்ட 58 ஆம்பியர். அதே ஆல்டர்னேட்டர்தான் ஏசி ப்ளோவர், ரேடியேட்டர் ஃபேன், ஹெட்லைட், ஈ.சி.யு. (எஞ்சின் கம்ப்யூட்டர்) எல்லாவற்றுக்கும் சோறு போட வேண்டும். பாட்டில் பேஸ் விட்டுவிட்டுத்தான் வரும் என்பதால் இந்த 58 ஆம்பியர் தொடர்ந்து ஓடாது. ஆனாலும் ஒவ்வொரு அடிக்கும் ஹெட்லைட் மினுக்கும். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் ஒரு வோல்ட் மீட்டர் செருகியிருந்தேன். ஐடிலில் 13.9 காட்டுவது, பேஸ் இறங்கும்போது 12-க்கு வந்துபோகும்.

மே மாதம் ஜி.எஸ்.டி. ரோட்டில் டிராஃபிக். வண்டி நகரவில்லை, ஏசி முழு வேகத்தில் ஓடுகிறது, டிக்கிக்குள் காற்றோட்டமே கிடையாது. சத்தம் சட்டென்று செத்தது. ஓரங்கட்டி டிக்கியைத் திறந்து ஆம்ப்பின் ஹீட்சிங்க்கைத் தொட்டால் கை வைக்க முடியவில்லை, சிவப்பு புரொடெக்ஷன் லைட் எரிகிறது. ஆறியதும் மறுபடி பாடியது. அந்தக் கோடையில் இது வாடிக்கையாகிப் போனது. ஆம்ப்பைக் குறை சொல்ல மாட்டேன். பொதுவாக எல்லா கிளாஸ் டி ஆம்ப்பும் ஓம் குறையும்போது திறன் குறைந்து கூடுதலாகச் சூடாகும். பேட்டரி வோல்ட்டேஜும் சேர்ந்து இறங்கினால் அதே வாட்ஸைக் கொடுக்க இன்னும் அதிகக் கரன்ட் இழுக்கும்.

அடுத்து 4 ஓமுக்கு மாற்றினேன். இதே நான்கு காயிலில் 4 ஓம் எடுக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, ஒவ்வொரு ஊஃபரின் இரண்டு காயிலையும் சீரிஸில் போட்டு 8 ஓமாக்கி, பிறகு இரண்டு ஊஃபரையும் பேரலலில் சேர்ப்பது. இரண்டாவது, ஒவ்வொரு ஊஃபரையும் உள்ளுக்குள் பேரலலில் 2 ஓமாக்கி, பிறகு இரண்டையும் சீரிஸில் கோர்ப்பது. மீட்டரில் இரண்டும் ஒன்றுதான். நான் முதல் வழியைத்தான் எடுத்தேன். இரண்டாவதில் ஒரு ஊஃபரின் ஒயர் கழன்றால் கோயில் திருவிழா சீரியல் செட் மாதிரி மற்றதும் சேர்ந்து ஊமையாகிவிடும். முதல் வழியில் ஒன்று போனாலும் மற்றது 8 ஓமில் பாடிக்கொண்டிருக்கும். வேலையும் சின்னதுதான்: முதல் காயிலின் மைனஸிலிருந்து இரண்டாவது காயிலின் பிளஸ்ஸுக்கு ஒரு குட்டி ஜம்பர், மீதி நிற்கும் பிளஸ்ஸும் மைனஸும் பாக்ஸ் டெர்மினலுக்கு.

மூடுவதற்கு முன் செய்த இரண்டு சோதனைகளை யாரும் தவிர்க்க வேண்டாம். ஒன்று, மல்டிமீட்டரில் ஓம் பார்ப்பது. 4 ஓம் காயில் 4 என்று காட்டாது, எனக்கு 3.5 பக்கம் காட்டியது. மீட்டர் பார்ப்பது டிசி ரெசிஸ்டன்ஸ், அது எப்போதும் போட்டிருக்கும் ஓமைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். பயப்பட ஒன்றுமில்லை. இன்னொன்று, ஒரு 9 வோல்ட் பேட்டரியைப் பாக்ஸ் டெர்மினலில் ஒரு நொடி தொட்டு எடுப்பது. பிளஸ்ஸுக்கு பிளஸ் தொட்டால் இரண்டு கோனும் வெளியே தள்ள வேண்டும். ஒன்று வெளியே, ஒன்று உள்ளே போனால் எங்கோ பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. அப்படியே விட்டால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பேஸே இருக்காது. ஆம்ப் மட்டமென்று பலர் திட்டுவதற்குப் பின்னால் இதுதான் இருக்கும்.

4 ஓமில் 240 வாட்ஸ். 600-லிருந்து 240-க்கு இறங்கினால் பாதிக்கும் கீழே போய்விட்டதே என்று தோன்றும். டெசிபலில் பார்த்தால் குறைவது 4 மட்டும். காது 'இரண்டு மடங்கு சத்தம்' என்று உணரவே ஏறக்குறைய 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். ஓட்டும்போது எனக்குத் தெரிந்த வித்தியாசம், கண்ணாடி ஆடுவது குறைந்தது. ஹெட்லைட் மினுக்கலும் நின்றது. டிக்கியில் ஆம்ப் வெதுவெதுப்போடு சரி. பேஸும் கொஞ்சம் கட்டுக்குள் வந்த மாதிரி இருந்தது. லோடு ஓம் கூடினால் டேம்பிங் ஃபேக்டர் (கோனின் ஆட்டத்தை ஆம்ப் கட்டுப்படுத்தும் அளவு) கூடும் என்பது உண்மைதான், ஆனால் நான் கேட்டது அதுவா, வோல்ட்டேஜ் இறங்காமல் நின்றதாலா என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஹைவேயில் நான்கு கண்ணாடியும் இறக்கி ஓட்டும்போது மட்டும் இன்னும் கொஞ்சம் இருந்தால் தேவலை என்று தோன்றும்.

அப்போதுதான் 2 ஓம் ஆசை வந்தது. சிக்கல் என்னவென்றால், 4 ஓம் டூயல் காயில் ஊஃபர் இரண்டை எப்படிப் புரட்டிப் போட்டாலும் 1, 4, 16 ஓம்தான் கிடைக்கும். 2 கிடைக்கவே கிடைக்காது. ஒரு ஊஃபருக்கு ஒரு காயிலை மட்டும் பேரலலில் கொடுத்து மற்றதைச் சும்மா விடலாமே என்று ஒரு கடையில் யோசனை சொன்னார்கள். கணக்கில் 2 ஓம் வரும், ஆனால் ஊஃபரின் தாங்கும் சக்தி பாதியாகும், கியூ மதிப்பு (கோன் எவ்வளவு கட்டுக்குள் ஆடுகிறது என்ற கணக்கு) மாறி பாக்ஸ் அளவும் ஒத்துவராது. வேண்டாம். 2 ஓம் டூயல் காயில் இரண்டு இருந்தால் வேலை சுலபம்: உள்ளே சீரிஸ், வெளியே பேரலல், சரியாக 2 ஓம். ராக்ஃபோர்ட் ஃபாஸ்கேட் மாதிரி கம்பெனிகள் மாடல் பெயரிலேயே டி2 (டூயல் 2 ஓம்), டி4 (டூயல் 4 ஓம்) என்று போட்டுவிடுகின்றன. வாங்கும்போது நிறத்தையும் டிசைனையும் பார்ப்பதற்கு முன் இந்த எழுத்தைப் பாருங்கள்.

எனக்கு அதிர்ஷ்டம். ஸ்கார்பியோ வைத்திருக்கும் நண்பனிடம் இதே மாடலில் 2 ஓம் ஜோடி இருந்தது. அவனுக்கு 1 ஓம் வேண்டும், அவன் ஜோடியில் 0.5, 2, 8 தவிர எதுவும் வராது. "மச்சான், மாத்திக்கலாமா?" என்றான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாற்றிக்கொண்டோம், பைசா செலவில்லை. பெரிய வண்டி, டிக்கியில் இரண்டாவது பேட்டரி வேறு போட்டிருக்கிறான். அவனுக்கு 1 ஓம் பிரச்சினையில்லாமல் ஓடுகிறது.

2 ஓமில் 400 வாட்ஸ். 1 ஓமோடு ஒப்பிட்டால் 2 டெசிபல்கூடக் குறைவில்லை, ஆனால் அதே 75 சதவீதக் கணக்கில் இழுப்பது சுமார் 39 ஆம்பியர்தான். அதற்குப் பிறகு வந்த கோடையில் புரொடெக்ஷன் லைட் எரியவே இல்லை. இணைப்பை மாற்றியதும் ஆம்ப்பின் கெயினையும் (உள்ளே வரும் சிக்னலை எவ்வளவு பெருக்குவது என்ற திருகு) மறுபடி வைக்க வேண்டும், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வாட்ஸையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் ஆம்ப்பின் ஸ்பீக்கர் டெர்மினலில் வர வேண்டிய ஏசி வோல்ட்: 400 வாட்ஸ், 2 ஓம் என்றால் 28.3; 240 வாட்ஸ், 4 ஓம் என்றால் 31. ஊஃபரைக் கழற்றிவிட்டு, 50 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு, பேஸ் பூஸ்ட்டைப் பூஜ்யத்தில் வைத்து, அந்த வோல்ட் வரும்வரை மட்டும் கெயினைத் திருகினால் போதும்.

ஒயரில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. கிட்டில் வரும் ஒயர் பெரும்பாலும் அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது, அதே தடிமனுள்ள சுத்தச் செம்பு கடத்துவதில் மூன்றில் இரண்டு பங்குதான் கடத்தும். நான் 4 கேஜ் சுத்தச் செம்புக்கு மாறிவிட்டேன். ஃப்யூஸ் பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள். எர்த் ஒயருக்குப் பெயின்ட்டைச் சுரண்டி, வெறும் தகட்டில் போல்ட் போட்டது.

எல்லா ஆம்ப்புக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜேஎல் ஆடியோவின் 500/1 மாதிரி ரெகுலேட்டட் (வாட்ஸைத் தானே நிலையாக வைத்துக்கொள்ளும்) ஆம்ப்கள் 1.5 ஓமிலிருந்து 4 ஓம் வரை எதைக் கொடுத்தாலும் அதே 500 வாட்ஸ் தரும். அங்கே ஓமைக் குறைத்து ஒரு லாபமும் இல்லை. ஃபோர் சேனல் ஆம்ப்பை பிரிட்ஜ் செய்கிறவர்கள் (இரண்டு சேனலைச் சேர்த்து ஒன்றாக ஓட்டுகிறவர்கள்) 4 ஓமுக்குக் கீழே இறங்காதீர்கள், ஒவ்வொரு சேனலும் பார்ப்பது அதில் பாதியைத்தான். சீட்டுக்கு அடியில் வைக்கும் ஆம்ப்போடு வரும் ஆக்டிவ் சப் வைத்திருந்தால் இதில் எதுவுமே உங்களுக்குத் தேவையில்லை, அதற்குள் கம்பெனியே பொருத்திவைத்திருக்கும்.