கோவளத்தில் சர்ஃபிங் வகுப்பு: கடல் நன்றாக இருக்கிறது, துணி மாற்றத்தான் இடமில்லை

கோவளம் என்றதும் கேரளாவுக்குப் போய்விடாதீர்கள், நான் சொல்வது சென்னையிலிருந்து ஈ.சி.ஆர். வழியாக 40 கிலோமீட்டர் பக்கத்தில் இருக்கும் நம்ம கோவளம். மூர்த்தி மேகவன் என்ற மீனவர் ஊர்ப் பையன்களுக்கு அலைச்சறுக்கு பழக்க ஆரம்பித்தார், இன்றைக்கு அந்தக் கரையில் பள்ளிகள் பல. நான் போனது அதில் ஒரு சின்னப் பள்ளி. குறையும் சொல்லப் போகிறேன், அதனால் பெயர் வேண்டாம்.

முதலில் நல்லது. வகுப்பு காலை ஆறு மணிக்கு. காலையில் காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசும், அலை ஒழுங்காக வரும். பகல் ஏற ஏறக் கடல்காற்று வந்து எல்லாவற்றையும் கலக்கிவிடும், ஆகவே தூக்கத்தைத் தியாகம் செய்யத்தான் வேண்டும். மணலில் குப்புறப் படுத்து எழும்பப் பழகியபின், ஒன்பதடி சாஃப்ட்டாப் (மேல்பக்கம் மெத்தென்று இருக்கும்) பலகையோடு இடுப்பளவு தண்ணீரில் உடைந்து வரும் வெள்ளை நுரையில் பயிற்சி. சொல்லிக்கொடுத்தவர் மீனவர் வீட்டுப் பையன். "அக்கா, கீழ பாக்காதீங்க, கரையப் பாருங்க" என்று கத்திக்கொண்டே இருந்தார், சொன்னபடி பார்த்தால் உண்மையிலேயே நிற்க முடிகிறது! எனக்குப் பிடித்த இன்னொன்று, அலை வரும்போது தள்ளிவிடக்கூட பலகையின் வாலைத்தான் பிடித்தார், ஆள்மேல் கை படவில்லை. முதல் முறை போகும் பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று சொல்லத் தேவையில்லை.

இப்போது குறை. அங்கே தரும் ரேஷ் கார்டு (அதான் அந்த இறுக்கமான லைக்ரா பனியன்) எல்லாம் ஆண்கள் அளவு. தோளில் தொளதொள, இடுப்பில் பிடிக்கிறது, விழுந்து எழுந்தால் மார்புவரை சுருண்டு ஏறிவிடுகிறது. அலையைப் பார்ப்பதா, பனியனை இழுப்பதா? துணி மாற்ற ஓலைத் தட்டிக்குப் பின்னால் ஒரு மூலை, தாழ்ப்பாள் கிடையாது. பெண்களுக்கும் வகுப்பு என்று போஸ்டர் போடுகிறவர்கள் ஒரு கதவுக்குச் செலவு செய்யலாம்.

ஆகவே உடையை நீங்களே கொண்டுபோங்கள். முழுக்கை நீச்சல் டாப், இடுப்பில் நாடா கட்டும் நைலான் நீச்சல் லெகிங்ஸ். காட்டன் லெகிங்ஸ் வேண்டவே வேண்டாம், தண்ணீர் குடித்துக் கனத்துக் கீழே இறங்கும். பலகையில் குப்புறப் படுத்தே கைகளால் துடுப்பு போட வேண்டியிருப்பதால் கொக்கி வைத்த பிரா மார்பிலும் விலாவிலும் குத்தும், தலைவழியாகப் போடும் ஸ்போர்ட்ஸ் பிராதான் சரி. லெகிங்ஸ் இருந்தால் முழங்கால் தோல் பலகையில் உரசிப் போகாது, ஜெல்லி மீன் வரும் நாட்களிலும் கால் தப்பிக்கும். "கறுத்துப் போயிடுவே" என்று வீட்டில் சொல்வார்கள், போவோம்தான், அப்புறம் என்ன?

வெட்சூட் வாங்கலாமா என்று தோழிகள் கேட்கிறார்கள். இங்கே வேண்டாம். அது உடம்புக்கும் ரப்பருக்கும் நடுவில் கொஞ்சம் தண்ணீரைப் பிடித்துவைத்து, நம் உடல்சூட்டாலேயே அதை வெதுவெதுப்பாக்கும் உடை. ஏற்கெனவே வெதுவெதுப்பாக இருக்கும் நம் கடலில் அதைப் போட்டால் அவிந்துபோவோம். இங்கிலாந்து, தெற்கு ஆஸ்திரேலியா பக்கம் போகிறவர்களுக்குத்தான் அது தேவை. அங்கேயும் பெண்கள் உடல்வாகுக்குத் தைத்ததாக, போட்டுப் பார்த்தே வாங்குங்கள், முதுகின் கீழ்ப்பகுதியில் தொளதொளவென்று இருந்தால் ஒவ்வொரு அலைக்கும் குளிர்நீர் உள்ளே புகுந்து, போட்டதே வீண். முதுகு ஜிப் என்றால் நீளக் கயிறு இருக்கிறதா பாருங்கள், தனியாகவே இழுத்து மூடலாம்.

ஐந்துக்கு மூன்றரை தருவேன், அந்த ஒன்றரையும் கதவுக்கும் பனியனுக்கும்தான் போனது. வடகிழக்குப் பருவமழை நேரத்தில் கடல் முரடாக இருக்கும், புதிதாகப் பழகுகிறவர்கள் அப்போது போக வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் ஒருவர் பலகை இன்னொருவர் தலையில் இடிக்கிறது, வாரநாளில் லீவு கிடைத்தால் அப்போது போங்கள், பெரிய துண்டும் நைட்டியும் பையில் இருக்கட்டும்.