மஞ்சள் வைத்த கோப்பும் என் 3,850 வெள்ளியும்

போன சனிக்கிழமை மாலை 4 மணிக்கு வீடு கைநழுவிப் போனது. இன்னும் சாவி வாங்காத வீடுதான். சிங்கப்பூரின் ஈசூனில் ஒரு நான்கறை மறுவிற்பனை வீடு. ஆனால் எந்தச் சன்னலுக்கு என்ன நிறத் திரை என்பது வரை என் மனைவி முடிவு செய்து வைத்திருந்தாள். வீட்டோடு 3,850 வெள்ளியும் (சிங்கப்பூர் டாலர்தான்) போயிற்று. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் வெட்கம் வந்து எழுதவிடாது.

விலை 560,000 வெள்ளி. விற்பவரிடம் 1,000 வெள்ளி கொடுத்து, வாங்கும் விருப்புரிமைப் பத்திரம் பெற்றோம். குறித்த நாளுக்குள் அந்த வீட்டை வாங்கிக்கொள்ளும் உரிமை அது. மறுநாளே வீவகவுக்கு, அதாவது அரசாங்கத்தின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்துக்கு, 120 வெள்ளி கட்டி மதிப்புக் கேட்டோம். 548,000 என்று வந்தது. இடையில் நிற்கும் 12,000 வெள்ளிக்கு வங்கிக் கடனும் கிடையாது, சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் மத்திய சேமநிதியும் கிடையாது, கையிலிருந்துதான் போகவேண்டும். வங்கிக் கடன் என்பதால் இன்னொரு 5 விழுக்காடும் ரொக்கம். முத்திரை வரி 11,400. வழக்கறிஞர் கட்டணம் தனி. இரவெல்லாம் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் கைப்பேசியில் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. வீட்டுக் கடன், வழக்கறிஞர் செலவு, இதர செலவுகள், எல்லாம் ஒரே கட்டணத்தில், தமிழிலேயே பேசலாம்.

நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. வீட்டுக் கடன் ஏற்பாடு செய்து தருவதாகச் சொல்லும் ஓர் இடம். லிட்டில் இந்தியாவின் தேக்காவிலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு கடைவீட்டின் மாடி. அவ்வளவு போதும்.

விருப்புரிமை வாங்கிய ஆறாம் நாள் போனோம். எங்களை வரவேற்றவருக்கு முப்பது வயது இருக்கும். வாசலிலேயே "வாங்க அண்ணே, வாங்க அண்ணி" என்றார். அவளை அண்ணி என்று அழைத்த வேகத்தில் அவள் பாதி இளகிவிட்டாள். தேநீர் வந்தது. தன் அம்மாவுக்கு வீடு வாங்கியபோது பட்ட பாட்டைச் சொன்னார். பிறகு ஒரு தாளை எடுத்து வரிவரியாக எழுதினார்: வழக்கறிஞர் 1,950, பத்திரத் தேடல் 350, கேவியட் பதிவு (வீட்டின்மேல் வாங்குபவருக்கு உரிமை இருக்கிறது என்ற பதிவு) 200, மதிப்பீடு 450, இதர செலவு 900. மொத்தம் 3,850. "இதற்கு மேல் ஒரு காசு கேட்டால் என்னைச் செருப்பால் அடியுங்கள் அண்ணே. அதிலும் 2,000 வெள்ளியை வங்கியே உங்களுக்குத் திருப்பித் தந்துவிடும்" என்றார்.

நான் யோசித்தேன். யோசித்தது அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சிறு டப்பாவை எடுத்தார். மஞ்சள் தூள். நுனிவிரலால் தொட்டு எங்கள் கோப்பின் நான்கு மூலைகளிலும் வைத்தார். "நல்ல காரியம் அண்ணி, மஞ்சள் வைத்துத் தொடங்குவோம்" என்றார். என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான், ஒளிப்பானேன். அடுத்த நிமிடம் கைப்பேசியில் பணம் அனுப்பும் பேநவ் வழியாக 3,850 வெள்ளியை அனுப்பினேன். திரையில் யாரோ ஒரு பெண்ணின் பெயர் வந்தது. கேட்டேன். "எங்கள் கணக்காளர் அக்கா" என்றார். சரி என்று பொத்தானை அழுத்தினேன். அந்த ஒரு "சரி"யை நினைத்து நினைத்து ஒரு வாரமாகத் தூக்கமில்லை.

ஒன்பதாம் நாள் கேட்டேன்: வங்கிக்கு விண்ணப்பம் போய்விட்டது, கவலை வேண்டாம். பதின்மூன்றாம் நாள்: வங்கி அதிகாரி விடுப்பில் இருக்கிறார். பதினைந்தாம் நாள் அண்ணே போய் சார் வந்தது. "சார், நீங்கள் இப்படி அவசரப்படுத்தினால் கோப்பு இன்னும் தாமதமாகும்." பதினேழாம் நாள் நேரில் போனேன். அவர் இல்லை. வரவேற்பில் இருந்த பெண், வெளியே போயிருக்கிறார் என்றாள்; எப்போது வருவார் என்றதற்குத் தோளைக் குலுக்கினாள். அன்று தேநீர் வரவில்லை.

பதினெட்டாம் நாள் வங்கிக்கு நானே போனேன். என் பெயரில் எந்த விண்ணப்பமும் இல்லை. எதுவுமே இல்லை! தாளில் இருந்த வழக்கறிஞர் அலுவலகத்தை அழைத்தேன். அப்படி ஓர் இடத்தைக் கேள்விப்பட்டதே இல்லை என்றார்கள்.

இங்கே ஒரு விவரம், தெரியாதவர்களுக்காக. வங்கிக் கடனில் வீவக வீடு வாங்குபவர், வங்கியின் கடன் கடிதம் கைக்கு வந்த பிறகுதான் விருப்புரிமையில் கையெழுத்திட்டு வாங்குவதை உறுதிசெய்யலாம். விருப்புரிமைக்கு 21 நாள்கள். சனி, ஞாயிறு, பொது விடுமுறை எல்லாம் சேர்த்துத்தான். இருபத்தோராம் நாள் மாலை 4 மணியோடு காலாவதி. மூன்று நாளில் எந்த வங்கி கடிதம் தரும்? ஓடினேன், கெஞ்சினேன், முடியவில்லை. 1,000 வெள்ளியை விற்பவர் வைத்துக்கொண்டார். அவர்மேல் குறை சொல்ல மாட்டேன். அவருக்கும் அடுத்த வீட்டுக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது.

எல்லாம் முடிந்தபின் வங்கி முகப்பில் இருந்த ஓர் அம்மா சொன்னதுதான் நெஞ்சில் குத்தியது. வழக்கறிஞர் கட்டணத்தையும் முத்திரை வரியையும் மத்திய சேமநிதியின் சாதாரணக் கணக்கிலிருந்தே கட்டலாமாம். வழக்கறிஞர் கட்டணம் என்று ரொக்கமாக ஒரு வெள்ளிகூட அந்த மாடியில் முன்னதாகத் தந்திருக்க வேண்டியதில்லை. வங்கி திருப்பித் தரும் என்றாரே, அந்தச் சலுகை பெரும்பாலும் இருக்கும் கடனை வேறு வங்கிக்கு மாற்றுபவர்களுக்கானது. கேவியட் பதிவுக்கு அரசாங்கக் கட்டணம் 64 வெள்ளி 45 காசு, தாளில் 200. வீவக மதிப்பீட்டுக்கு நான் ஏற்கெனவே பணம் கட்டியிருக்க, தாளில் மறுபடி 450. கூட்டல் சரியாக இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தவன் நான்! கூட்டல் சரியாகத்தான் இருந்தது.

கடைசியாகப் பேசியபோது அவர் சொன்னது: "அது சேவைக் கட்டணம் சார், திரும்பக் கிடைக்காது. ரசீதின் பின்பக்கம் போட்டிருக்கிறது." திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அதன் பிறகு என் எண்ணைத் தடுத்துவிட்டார்.

அக்கம்பக்கப் போலிஸ் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்கும் போகலாம். 5,000 வெள்ளிக்குள் என்றால் தனிநபருக்குக் கட்டணம் 10 வெள்ளிதான். ஆனால் எதிர்த்தரப்பின் பெயரும் முகவரியும் வேண்டும். என்னிடம் இருப்பது ஒரு முத்திரை குத்திய ரசீது. பதிவு எண் இல்லை. பணம் போனதோ ஒரு "அக்கா"வின் கணக்குக்கு.

வீடு வாங்கும் செலவுகளைப் பற்றி விரிவாக எழுதவேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். இப்போது மனம் அதில் நிற்கவில்லை. இதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: தனிநபர் கணக்குக்குப் பணம் அனுப்பாதீர்கள். வழக்கறிஞர் யார் என்று சொன்னால் அந்த அலுவலகத்தை அன்றைக்கே நீங்களே அழைத்துக் கேளுங்கள். கடன் ஏற்பாடு செய்பவருக்குப் பெரும்பாலும் வங்கியே தரகு தருகிறது. உங்களிடமும் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். சொத்து முகவர் என்று சொன்னால், முகவர்களைப் பதிவு செய்யும் அரசாங்க மன்றத்தின் பதிவேட்டில் பெயரைத் தேடுங்கள். பதிவு பெற்ற முகவரும் வீடு வாங்கும் பணத்தைக் கையில் வாங்கக் கூடாது. கடன் கடிதத்துக்காக இரண்டாம் வாரம் வரை காத்திருக்காதீர்கள்.

அந்த மாடிப்படியில் ஏறிய வேறு யாராவது இருந்தால், உங்கள் கோப்பின் மூலையிலும் மஞ்சள் இருந்தால், ரசீதைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். புதன்கிழமை மீண்டும் போலிஸ் நிலையத்துக்குப் போகிறேன். சேர்த்துக் கொடுக்கலாம்.