அகேவ் பாகு, வெல்லம், கருப்பட்டி, தேன்: எதுக்கு எது?

புதுச்சேரியில் வீகன் கேக் (பால், முட்டை, தேன் எதுவும் சேராதது), ஐஸ் டீ விற்கும் கடைகளில் அகேவ் பாகு சாதாரணமாகிவிட்டது. "சர்க்கரை நோயாளியும் சாப்பிடலாம்" என்று சொல்லி வீட்டுக்கும் பாட்டில் வாங்கி வருகிறார்கள். அந்த ஒரு வாக்கியத்தில்தான் எனக்குத் தகராறு.

அகேவ் மெக்சிகோ செடி. டெக்கீலா வடிக்கிற நீல அகேவிலிருந்தும் இந்தப் பாகை எடுக்கிறார்கள். முகத்தில் பூசும் சோற்றுக் கற்றாழை வேறு. நம் பக்கம் வேலியோரம் முள்ளோடு நிற்கும் ஆனைக் கற்றாழைதான் இதன் பங்காளி. செடி முற்றப் பல வருடம் ஆகும். மடலை எல்லாம் வெட்டிவிட்டு நடுத்தண்டைப் பிழிந்தால் வரும் சாற்றில் இருப்பது ஃப்ரக்டான், அதாவது ஃப்ரக்டோஸ் சங்கிலியாகக் கோத்திருக்கும் மாவுப்பொருள். சூடாக்கியோ நொதி சேர்த்தோ அதை ஃப்ரக்டோஸாக (பழச்சர்க்கரையாக) உடைத்து, வற்றவைத்து வடிகட்டுகிறார்கள். 'இயற்கை' என்ற பட்டத்தை வைத்துப் பார்த்தால், கரும்புச் சாற்றைக் கொப்பரையில் காய்ச்சி எடுக்கும் வெல்லத்துக்குத்தான் கைவேலை குறைவு.

இனி சர்க்கரை விஷயம். ஒரு உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றும் என்று காட்டும் கிளைசெமிக் குறியீடு வெள்ளைச் சர்க்கரைக்குச் சுமார் 65, தேனுக்கு 60-ஐ ஒட்டி, அகேவுக்கு 20-ஐச் சுற்றி. எண் பொய்யில்லை. ஆனால் அது குறைவாக இருக்கக் காரணமே அதிலுள்ள சர்க்கரையில் 70 சதவீதத்துக்கு மேல் ஃப்ரக்டோஸ் என்பதுதான். ஃப்ரக்டோஸ் ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றாது. பெரும்பகுதி நேரே கல்லீரலுக்குப் போகும். அளவு மீறினால் அங்கே கொழுப்பாகும், டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு ஏறும். குளுக்கோமீட்டரில் இது தெரியாது. சிலருக்கு வயிறு உப்பி வாயுவும் பிடிக்கும். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்ன சர்க்கரை வரம்பு தேனுக்கும் பாகுகளுக்கும் சேர்த்துத்தான்: ஒரு நாள் கலோரியில் 10 சதவீதத்துக்குள், முடிந்தால் 5-க்குள்.

கருப்பட்டிக்காரர்களும் சந்தோஷப்பட வேண்டாம். கருப்பட்டியும் வெல்லமும் பெரும்பாலும் சுக்ரோஸ்தான், வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே பொருள். இரும்புச்சத்து கொஞ்சம் உண்டு. அதற்காக உருண்டை உருண்டையாக யாரும் தின்னப் போவதில்லை. 'கருப்பட்டிக் காபி குடித்தால் சுகர் ஏறாது' என்று சொல்லும் மாமாக்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள்.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? அடுப்பங்கரையில். குளிர்ந்த எலுமிச்சை ஜூஸில் அகேவ் நொடியில் கரையும். ஃப்ரக்டோஸ் குளிரில்தான் கூடுதலாக இனிக்கும். சர்க்கரையில் மூன்றில் இரண்டு பங்கு போதும். சூடான காபியில் அந்த இனிப்பு மங்குவதால் கை தானாக இன்னும் கொஞ்சம் சாய்க்கும். அங்கே கருப்பட்டி ஜெயிக்கிறது, மணத்துக்காகவே. பாலோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் திரியும். தனியாகக் கரைத்து வடிகட்டி, இறக்கிய பிறகு ஊற்றணும்.

பட்சணத்தில் அகேவைத் தொடவே வேண்டாம். அதிரசத்துக்கு வெல்லப் பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் கூட்டினால் மெத்தென்று உருண்டு வரணும். ஃப்ரக்டோஸ் பாகு அப்படி உறையாது, காற்றில் இருக்கும் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். கடலை மிட்டாய் என்றால் பல்லில் ஒட்டும் பசைதான் மிஞ்சும். கடற்கரை ஊரில் கேட்கவே வேண்டாம். கேக்குக்குப் பரவாயில்லை, சீக்கிரம் சிவக்கும் என்பதால் சூட்டைக் குறைக்கணும், பாலோ தண்ணீரோ சற்றுக் குறைத்து ஊற்றணும்.

தேனை விட்டவர்களுக்கு, அதாவது வீகன்களுக்கு, அகேவ் நியாயமான மாற்று. தேனுக்கு அதன் வாசனை பலம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மட்டும் நாக்கில் தடவக்கூடக் கூடாது.

விலையில் போட்டியே இல்லை. கப்பலில் வரும் அகேவ், வெல்லத்தைப் போலப் பல மடங்கு. நெல்லிக்குப்பத்தில் 1840-களிலிருந்து சர்க்கரை ஆலை ஓடும் கரும்பு மாவட்டம் கடலூர். இங்கே வெல்லம் வாங்கும்போது பளிச்சென்ற மஞ்சளை ஒதுக்குங்கள், அது பெரும்பாலும் ஹைட்ரோஸ் என்ற வெளுக்கும் ரசாயனம் போட்டு வந்த நிறம். கருத்த உருண்டையைக் கேட்டு வாங்குங்கள். கருப்பட்டியில் சீனிப்பாகு கலப்பதும் நடக்கிறது, அதனால் விலை சந்தேகத்துக்குரிய அளவு மலிவாக இருந்தால் விட்டுவிடுங்கள்.