ஜேஹெச்ஏ போடுற ஆப்: ஃபேப்ரிகேஷன் ஷாப்ல யூஸ் பண்ணி பார்த்த ரிவ்யூ

முதல்லயே சொல்லிடறேன், ஆப் பேரு போட மாட்டேன். குறையும் சொல்லப்போறேன்ல, அப்புறம் அவங்க சேல்ஸ் ஆளு எங்க பர்சேஸ் மேனேஜருக்கு போன் போட்டு என் தலைய உருட்டுவாரு. ஆனா இந்த வகை ஆப் எல்லாம் பெரும்பாலும் ஒரே அச்சுதான், டெம்ப்ளேட், டிராப்டவுன், போட்டோ, கலர் கட்டம், கையெழுத்து, பிடிஎஃப், அதனால நீங்க எதை வாங்க நெனச்சாலும் கீழ இருக்கறதுல பாதியாவது பொருந்தும். நான் திருச்சி துவாக்குடி பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் ஷாப்ல சேஃப்டி பாக்குறேன், பைப்பும் பிளேட்டும் வெட்டி, கிரைண்ட் பண்ணி, வெல்ட் அடிச்சு, ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணி அழுத்தம் குடுத்து லீக் பாக்கறது) போட்டு அனுப்புற இடம்.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. ஜேஹெச்ஏனா ஜாப் ஹசார்ட் அனாலிசிஸ் (ஹசார்ட்னா ஆபத்து), ஒரு வேலைய ஸ்டெப் ஸ்டெப்பா பிரிச்சு எந்த ஸ்டெப்ல எப்படி அடிபடும், அதுக்கு என்ன பண்ணனும்னு எழுதி வைக்கறது. சில இடத்துல ஜேஎஸ்ஏம்பாங்க. அமெரிக்க அரசோட வேலையிட பாதுகாப்பு அமைப்பான ஓஎஸ்ஹெச்ஏ இதுக்குன்னே 3071னு ஒரு புக்லெட் ஃப்ரீயா விட்டுருக்கு, 2002ல திருத்தினது, கையடக்கமா இருக்கும், ஆப் வாங்கறதுக்கு முன்னாடி அதை படிங்க. அதுல காஸ்டிங் (வார்ப்பு இரும்பு துண்டு) கிரைண்ட் பண்ற வேலைய உதாரணமா எடுத்துருப்பாங்க, பாக்ஸ்ல இருந்து காஸ்டிங்க எடுக்கறது முதல் ஸ்டெப், கால்ல விழும்னா சேஃப்டி ஷூ போடுனு சொல்றதோட விட மாட்டாங்க, காஸ்டிங்க தரையில வைக்காம மெஷின் பக்கத்துல இடுப்பு உயரத்துக்கு வைங்கன்னும் எழுதிருப்பாங்க. இந்த ரெண்டாவது வரி எழுத வைக்கிற ஆப்பு நல்ல ஆப்பு, முதல் வரியோட நிறுத்த விடுறது வெறும் ஃபார்ம் ஃபில் பண்ற ஆப்பு, நான் பாக்குற அளவுகோல் இது ஒண்ணுதான்.

ஆப்புக்கு முன்னாடி எக்ஸெல். எல்லா கம்பெனிலயும் நடக்குற கூத்துதான், பழைய ஷீட்ட காப்பி பண்ணி தலைப்பையும் தேதியையும் மாத்தி பிரிண்ட் போட்டு எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கி ஃபைல்ல சொருகுறது. கிரேன் வேலையோட ஷீட்ல பெயின்டிங் வேலையோட தின்னர் ஹசார்ட் இருக்கும், யாரும் கேக்க மாட்டாங்க ஏன்னா யாரும் படிக்க மாட்டாங்க.

இப்ப ஆப்போட நல்லது. போன தூக்கிட்டு வேலை நடக்குற இடத்துக்கே போயி எழுத முடியுது, நெட் இல்லனாலும் சேவ் ஆகி ஆபீஸ் வைஃபை வந்ததும் ஏறிடுது (வேலை நடக்குற ஷெட்டு உள்ள சிக்னல் கிடைக்காது, தகரம்). ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் ஒரு போட்டோ போட்டாதான் அடுத்த ஸ்டெப்புக்கு விடும்னு செட்டிங் ஒண்ணு இருக்கு, அதை ஆன் பண்ணி வைங்க, டேபிள்ல உக்காந்து எழுதுற பழக்கம் அதுலயே பாதி போயிடும். வாய்ஸ் நோட்டும் சேர்க்கலாம். என்னை கேட்டா காசு கொடுத்ததுக்கு உருப்படியா கிடைச்சது இந்த வாய்ஸ் நோட்டுதான்.

ஒரு உதாரணம் சொல்றேன். கிரைண்டிங் வேலைக்கு ஆப்போட டெம்ப்ளேட்ட திறந்தா தீப்பொறி, சத்தம், தூசி, டிஸ்க் உடையறது, ஷாக்குன்னு வரிசையா வந்துரும், எல்லாம் சரியாதான் இருக்கும். ஆனா எங்க கிரைண்டர் அண்ணன் ஒருத்தர்கிட்ட போன நீட்டி "அண்ணே இந்த ஜாயின்ட்ட எப்படி அறுக்கறீங்க, அப்படியே சொல்லுங்க"ன்னு கேட்டதுக்கு அவரு சொன்னது எந்த டிராப்டவுன்லயும் இல்ல. 4 இஞ்சு டிஸ்க் பாதி தேஞ்சதும் அந்த ஜாயின்ட்டோட ஆழத்துக்கு எட்டாது, அதனால டிஸ்க்க மூடியிருக்கற கார்ட கழட்டிட்டு 5 இஞ்சு டிஸ்க்க மாட்டிக்குவோம் சார்னாரு, சர்வ சாதாரணமா. 4 இஞ்சு டிஸ்க்கோட ஓட்டை 16 எம்எம், 5 இஞ்சோடது 22 எம்எம்முக்கு மேல, நடுவுல ஒரு வாஷர செருகி டைட் பண்ணிருக்காங்க, சென்டர் கரெக்டா இருக்காது, கை அதிரும், டிஸ்க் தெறிச்சா தடுக்க கார்டும் கிடையாது. இதுக்கு ஆப் தானா காட்டின கன்ட்ரோல் (ஆபத்த தடுக்கற ஏற்பாடு) என்ன தெரியுமா, ஃபேஸ் ஷீல்டு, டூல்பாக்ஸ் டாக் (வேலைக்கு முன்னாடி நின்னு பேசுற சேஃப்டி பேச்சு). அவரு சொன்ன கன்ட்ரோல் "5 இஞ்சு மெஷினே வாங்கி குடுங்க சார்". ஸ்டோர்ல 4 இஞ்சு மெஷின் மட்டும்தான் இருந்துச்சு. அந்த ஆடியோவையும் போட்டோவையும் சேர்த்து மேல அனுப்பினதும் மெஷின் வந்துருச்சு, வழக்கமான பேப்பர்ல எழுதி அனுப்பிருந்தா பட்ஜெட்ல பாப்போம்னு சொல்லிருப்பாங்க.

இனி குறை.

முதல் எதிரி குளோன் பட்டன். எக்ஸெல்ல காப்பி பண்ணவாவது கொஞ்சம் நேரம் ஆகும், இங்க ஒரே தட்டு, தேதியும் தானா மாறிடும், அழகா புது லோகோவோட பழைய ஜேஹெச்ஏ ரெடி. காப்பி அடிக்கிறவனுக்கு கார் வாங்கி குடுத்த மாதிரி. அட்மின்ல போயி சூப்பர்வைசர் லாகினுக்கு குளோன எடுத்து விடலாம், ஆனா அந்த செட்டிங் எங்க இருக்குன்னு டெமோவுல காட்ட மாட்டாங்க, நீங்களா கேக்கணும்.

ரெண்டாவது அந்த அஞ்சுக்கு அஞ்சு கட்டம். எவ்வளவு மோசமா அடிபடும் (சீவியாரிட்டி), எத்தனை தடவை நடக்க வாய்ப்பு, ரெண்டையும் பெருக்கி 1ல இருந்து 25 வரைக்கும் நம்பர், சிவப்பு மஞ்சள் பச்சை. கன்ட்ரோல் போட்டதுக்கு அப்புறம் ரிஸ்க் எவ்வளவுன்னு திரும்ப நம்பர் கேக்கும், சிவப்பா இருந்தா சப்மிட் ஆகாது. நல்ல ஐடியா மாதிரி தெரியும், நடைமுறையில என்ன ஆகுதுன்னா பச்சை வர்ற வரைக்கும் நம்பர மாத்துறாங்க. கையுறை போட்டாச்சு, அதனால சீவியாரிட்டி 5ல இருந்து 2, அடேங்கப்பா. மேல இருந்து விழுற லோடுக்கு ஹெல்மெட் போட்டா எப்படி சீவியாரிட்டி குறையும்னு ஆப் கேக்காது. பிபிஇ (கையுறை, ஹெல்மெட் மாதிரி உடம்புல மாட்டுற பாதுகாப்பு) மட்டும் செலக்ட் பண்ணி நம்பர இவ்வளவு இறக்கினா ஏன்னு ஒரு வரி எழுத சொல்ற ஆப் இருந்தா அதுக்கு எக்ஸ்ட்ரா காசு கூட கொடுக்கலாம்.

மூணாவது, டெம்ப்ளேட் எல்லாம் வெளிநாட்டு சரக்கு. ஏஐ ஹசார்ட் சஜஷன்னு ஒண்ணு புதுசா வந்துருக்கு, யார்டு வேலைக்கு கேட்டா தரையில ஐஸ் உறைஞ்சு வழுக்கும்னுச்சு, திருச்சி மே மாச வெயில்ல! அந்த வெயில தாங்க முடியாம மயங்கி விழுறது லிஸ்ட்லயே இல்ல. இது சிரிச்சுட்டு போற விஷயம், ஆனா டிரம் உள்ள போயி வெல்ட் பண்ற வேலைக்கு லைட்ட பத்தி "தகுந்த விளக்கு"ன்னு மட்டும் இருந்துச்சு. 2025 நவம்பர் வரைக்கும் இருந்த நம்ம 1948 ஃபேக்டரீஸ் ஆக்ட்ல 36ஏ பிரிவு, அந்த மாதிரி உள்ளடங்கின இடத்துக்கு தகுந்த பாதுகாப்பு சாதனம் இல்லாம கை விளக்கு 24 வோல்ட்டுக்கு மேல கூடாதுன்னு எப்பவோ சொல்லிருச்சு, நாமளே உக்காந்து சேர்த்தோம். டிக் (டிஐஜி) வெல்டிங்குக்கு ஆர்கான் பர்ஜ் பண்றப்ப, அதாவது உள்ள இருக்கற காத்த ஆர்கான் வாயுவ விட்டு வெளிய தள்றப்ப, ஆர்கான் காத்த விட கனம், அடியில தங்கி ஆக்சிஜன தள்ளிடும், கலரும் கிடையாது வாசனையும் கிடையாது, இதுவும் டெம்ப்ளேட்ல இல்ல. ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்கு கீழ போனா உள்ள ஆள் இருக்கக்கூடாதுங்கறத மீட்டர் ரீடிங்கோட போட்டோ கேக்குற கட்டாய கேள்வியா மாத்தி வச்சுருக்கோம், அப்படி மாத்த விடுறதுக்கு ஆப்புக்கு ஒரு மார்க் தரலாம்.

சின்ன சின்ன எரிச்சலும் இருக்கு. லெதர் கையுறையோட ஸ்கிரீன்ல கையெழுத்து போட முடியாது, கழட்டினா விரல் பூரா கிரீஸ், கையெழுத்துன்னு ஒரு கோடு இழுத்துட்டு போவாங்க. தமிழ்ல டைப் பண்ணா ஆப்ல நல்லா தெரியுது, பிடிஎஃப் எடுத்தா கட்டம் கட்டமா வருது, சப்போர்ட்டுக்கு மெயில் போட்டா டிக்கெட் நம்பர் மட்டும் ஒழுங்கா வருது. பீகார், ஒடிசா பசங்க நெறைய பேரு வேலை பாக்குறாங்க, அவங்களுக்கு ஹிந்தி ஸ்கிரீன் இருக்கு, ஆனா படிக்கறத விட கேக்கறதுதான் அவங்களுக்கு சுலபம், ஸ்டெப்ப வாசிச்சு காட்டுற வசதி இல்ல.

காசு விஷயம். ஒரு லாகினுக்கு மாசத்துக்கு இவ்வளவுன்னு கணக்கு, அது மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி. அதனால மேனேஜ்மென்ட் என்ன பண்ணும், சூப்பர்வைசருக்கு மட்டும் லாகின் வாங்கும், கான்ட்ராக்ட் ஆளுங்களுக்கு கிடையாது, அடிபடுறவன் எழுதாம அடிபடாதவன் எழுதுற பழைய கதையே திரும்பவும். மெஷின்ல க்யூஆர் ஒட்டி லாகின் இல்லாமயே யார் வேணா ஸ்கேன் பண்ணி போட்டோவோ ஆடியோவோ போடுற வசதி இருக்கான்னு வாங்கறப்பவே கேளுங்க, எங்க பிளான்ல அது இல்ல, மேல் பிளான்ல இருக்காம்.

ஆடிட்டுக்கு உதவுதான்னா உதவுது. வேலையிட பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 45001 தரநிலையில 5.4னு தொழிலாளிங்க பங்கேற்பு பத்தி ஒரு பிரிவு இருக்குல்ல, வழக்கமா கமிட்டி மீட்டிங் மினிட்ஸ நீட்டுவோம், இந்த தடவை அந்த கிரைண்டர் அண்ணன் ஆடியோவ போட்டு காட்டினோம், ஆடிட்டர் ஹெட்போன் மாட்டி முழுசா கேட்டாரு.

பத்து பதினஞ்சு பேர் இருக்கற சின்ன ஷாப்புன்னா காசு கட்ட அவசரப்படாதீங்க. அந்த 3071 புக்லெட் கடைசில இருக்கற ஃபார்ம், கூட வாட்ஸ்அப்ல ஒரு குரூப் போட்டு ஸ்டெப்புக்கு ஒரு போட்டோ, ஒரு ஆடியோ, இதுவே ரொம்ப தூரம் வரும். இல்லனா முன்னாடி ஐஆடிட்டர்னு இருந்து இப்ப சேஃப்டிகல்ச்சர்னு பேரு மாத்துன ஆஸ்திரேலியா ஆப்ல சின்ன டீமுக்கு ஃப்ரீ பிளான் இருக்கு, அதுல தொட்டு பாத்துட்டு முடிவு பண்ணுங்க. நாங்க இப்போதைக்கு ரினியூ பண்றோம், ஆனா ஒரு வருஷத்துக்கு மட்டும், மூணு வருஷ டிஸ்கவுன்ட் வேணாம்னு சொல்லிட்டோம். தமிழ் பிடிஎஃப் ஒழுங்கா வர்ற, ஹிந்தில வாசிச்சு காட்டுற ஆப் யாராவது யூஸ் பண்றீங்கன்னா பேரு சொல்லுங்க, அடுத்த ரினியூவல்ல பேரம் பேச உதவும்.